பழைய ஸ்போர்ட்ஸ் கார்... எந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது?

வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை, கொடைக்கானலைத் தொடுவதற்குச் சற்று முன் பெருமாள்மலையில் பழநிச் சாலையோடு சேர்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இந்த மலைப்பாதைதான் சரியான கணக்குப்பிள்ளை!

1998-ல் நம் நாட்டில் அறிமுகமான ‘சான் ஸ்டார்ம்’ காரையே எடுத்துக்கொள்வோம். இரண்டே சீட், 1,149 சிசி ரெனோ இன்ஜின். ஃபைபர் கிளாஸ் பாடி என்பதால் மூடுபனியில் வெளிப்புறம் துருப்பிடிக்காது. ஆனால், தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. விளக்கோ கண்ணாடியோ உடைந்தால், பாகம் தேடி அலைய வேண்டும்.

ஓடாமல் நின்றாலும் செலவு உண்டு. 15 வருடம் கடந்த காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் தனி. ஷெட்டில் நிற்கும் காரின் டயரும் வயதானால் வெடிப்பு விடும்.

மலை ஏறும்போது இன்ஜின் சூடானால் ஓரம் கட்டி ஆறவிடலாம். இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது!

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவது, மொத்தச் செலவில் மிகச் சிறியது. பெயின்ட் காத்திருக்கலாம், பிரேக் காத்திருக்காது. கூடவே, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அதற்குக் காசே தேவையில்லை!