கேஸ் ஏற்றும் முன் கண்டென்சரைப் பாருங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு கார் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஏ.சி. ஓடுகிறது, வரும் காற்றில் குளிர் இல்லை. வரிசை கலைந்து வண்டி வேகமெடுத்ததும் மறுபடி குளிர்கிறது. ‘கேஸ் இறங்கிடுச்சு, ஏத்திடணும்’ என்று உடனே முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால், நிற்கும்போது மட்டும் குளிர் போகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரையும் அதன் விசிறியையும்தான். அவற்றைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இப்போது பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டி, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் அது குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகி, மறுபடி உள்ளே போகிறது. பெட்ரோல்போல எரிந்து தீர்வது அல்ல இந்த கேஸ். ரப்பர் குழாய், சீல் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிது கசியலாம். ஒவ்வொரு கோடையிலும் ஏற்ற வேண்டியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

உப்பும் சாம்பலும்

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் விசிறி ஒன்றுதான் துணை. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே அழுக்கு அடைத்தால், வெப்பம் வெளியேற வழி கிடையாது.

வடசென்னையில் அந்த அழுக்குக்குப் பஞ்சமில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டியவை. கடல்காற்று நுண்ணிய உப்புத் துகளைக் கொண்டுவருகிறது. துறைமுகங்களுக்குப் போகும் டிரெய்லர்கள் டீசல் கரியையும் சாலைப் புழுதியையும் கிளப்புகின்றன. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு மாறியது. அனல்மின் நிலையச் சாம்பலோ எண்ணூர் மக்களின் நெடுநாள் வேதனை.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, புழுதியைத் தகட்டோடு ஒட்டவைக்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். அரிப்பைத் தடுப்பது அதுதான். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்து, ஊசிமுனை போன்ற குழிகளை அரிக்கிறது. ஒரு குழி குழாயைத் துளைத்துவிட்டால் கேஸ் வெளியேறும். ஆகவே, கண்டென்சரைக் கழுவுவது குளிர்ச்சியை மீட்பதோடு, நாளைய கசிவையும் தள்ளிப்போடுகிறது.

நாமே செய்யக்கூடியவை

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நன்றாக ஆறவிடுங்கள். சில கார்களில் விசிறி திடீரென்று தானாகவே சுழலும். முன்பக்க கிரில் வழியாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் போகும் திசையிலேயே தேயுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். மெட்ரோ தண்ணீர்போல நல்ல தண்ணீரில் கழுவுவது முக்கியம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டு வரலாறு. உப்பு போர்த் தண்ணீரில் கழுவினால் எதை அகற்ற வந்தோமோ அதையே திரும்பப் பூசுகிறோம்.

அடுத்து கேபின் ஃபில்டர். பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கைக்கு எட்டும். சில சிறிய கார்களில் இந்த ஃபில்டரே இருக்காது. கறுத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்று குறைவாக வருவதற்கு அடிக்கடி இதுவே காரணம். ஆனால் சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அப்படி ஒரு நேரத்தில் உள்காற்றைச் சுழலவிடும் பொத்தான் கொஞ்சம் உதவலாம்; விரைவாக அந்த இடத்தைவிட்டு விலகுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, தண்ணீர். கடலோரக் காற்று ஈரம் மிகுந்தது. அந்த ஈரம் கூலிங் காயிலில் நீராகும்போது தன் வெப்பத்தையும் விட்டுச்செல்கிறது. மணிக்கு ஒரு லிட்டர் நீர் சொட்டினால், அதற்கே சுமார் 680 வாட் குளிர்த்திறன் செலவாகிவிடும். காருக்கு அடியில் நீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல், உள்ளே கால்மிதி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. காயில் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை வளர்ந்து நாற்றமடிக்கும். வீடு சேர்வதற்குச் சில நிமிடங்கள் முன் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும்.

தொடக் கூடாத இடம்

கேஸ் ஓடும் பாதையை மட்டும் நாமே திறக்கக் கூடாது. திரவக் குளிரூட்டி தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றும் ஈரமும் உள்ளே புகுந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் கெட்டு அமிலமாகும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி ஒட்டியிருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்டலாம். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடித்து அடைத்தாரா? வேக்கம் பம்ப் போட்டு ஈரத்தை எடுத்தாரா? கார் நிறுவனம் குறித்த எடைக்கு கேஸை நிறுத்து ஏற்றினாரா?

கேஸ் கசிவில் நம் செலவு மட்டும் அடங்கியிருக்கவில்லை. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அழித்தது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு காரின் அரைக் கிலோ கேஸ் வெளியேறினால், ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை 2021-ல் ஏற்ற இந்தியா, இத்தகைய குளிரூட்டிகளை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பதாக உறுதி கூறியிருக்கிறது.

ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றும் கேஸ் முழுவதும் கடைசியில் வானத்துக்குத்தான் போகிறது. சாம்பலையும் கரியையும் ஏற்கெனவே சுமக்கும் வடசென்னைக்கு இன்னும் சூடான கோடைகள் வேண்டாம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்ற வேண்டாம் என்று ஒர்க்ஷாப்பில் உறுதியாகச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாக ஆகும் நேரமும் கூலியும் வீணல்ல.