நூலகரின் தேடலும் நோயாளியின் உயிரும்

நூல்நிலையம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன தூசு படிந்த அலுமாரிகளும் 'சத்தம் போடாதீர்' என்னும் அறிவிப்புப் பலகையுமே. அங்கு அமர்ந்திருப்பவர் புத்தகத்துக்கு முத்திரை குத்துபவர், தவணை தவறினால் தண்டம் அறவிடுபவர், அவ்வளவே என்று எண்ணிவிடுகிறோம். அவருடைய தொழிலுக்கும் ஒருவர் உயிரோடிருப்பதற்கும் தொடர்பு உண்டென்றால் யாரும் வியப்படையவே செய்வர். ஆயினும், அத்தகைய தொடர்பை உலகறியச் செய்த நிகழ்ச்சியொன்று 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நிகழ்ந்தது.

பால்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொய்வு நோய் பற்றிய ஆராய்ச்சியொன்று நடைபெற்றது. நோயற்றவரின் சுவாசக் குழாய்கள் எவ்வாறு சுருங்காமல் விரிந்து நிற்கின்றன என்பதை அறிவதே அதன் நோக்கம். இதற்காக, நல்ல தேகசுகமுள்ள தொண்டர் சிலருக்கு ஹெக்ஸாமெதோனியம் என்னும் மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்தனர். அது புதிய மருந்தன்று. 1950களில் உயர் இரத்த அமுக்கத்துக்கு வைத்தியர்கள் கொடுத்துவந்து, பின்னர் கைவிட்ட மருந்து. தொண்டருள் ஒருவர் 24 வயதுப் பெண். அந்த நிறுவனத்திலேயே ஆய்வுகூடத்திற் கடமையாற்றியவர். மே மாதத்தில் அம்மருந்தை உள்ளிழுத்த அவருக்கு இருமல் கண்டது, சுவாசப்பைகள் பழுதுற்றன. ஜூன் 2ஆம் திகதி அவர் உயிர் நீத்தார். அடுத்த மாதத்தில், அரசாங்கப் பணத்தைக்கொண்டு அங்கு மனிதர்மீது நடாத்தப்பட்ட ஆராய்ச்சிகள் ஏறக்குறைய யாவற்றையும் அமெரிக்க அரசாங்கம் சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது.

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் அம்மருந்தைப் பற்றித் தேடிப் பார்க்கவில்லையா என்ற கேள்வி எழுந்தது. தேடத்தான் செய்தார்கள். பாடநூல்களைப் பார்த்தார்கள், பப்மெட் என்னும் கணினி அட்டவணையையும் பார்த்தார்கள். ஆனால் அந்நாளில் அந்த அட்டவணை 1966இல் வெளியான கட்டுரைகளிலிருந்தே தொடங்கிற்று. ஹெக்ஸாமெதோனியம் வழக்கிலிருந்ததோ அதற்கு முந்திய காலத்தில். அதை உண்டுவந்த நோயாளர் சிலரின் சுவாசப்பைகள் கெட்டுப்போனமை பற்றி வைத்தியர்கள் 1950களிலேயே எழுதியிருந்தனர். அக்கட்டுரைகளின் விபரம் அச்சிட்ட பழைய அட்டவணைத் தொகுதிகளில் இருந்தது. செய்தி வெளியானதும் அவற்றை எடுத்துக்காட்டியவர்களுள் மருத்துவ நூலகர்களும் இருந்தனர்.

நியாயத்தைச் சொல்வதானால், பழைய நோயாளர் அம்மருந்தை உள்ளிழுத்தவர்களல்லர். இரத்த அமுக்கத்துக்காக உட்கொண்டவர்கள். ஆகவே, அக்கட்டுரைகளைக் கண்டிருந்தால் அப்பெண் இறந்திருக்கமாட்டார் என்று துணிந்து கூறுதல் இயலாது. ஆனால் அவரும், பரீட்சைக்கு அனுமதி வழங்கிய குழுவினரும், அந்த எச்சரிக்கையை அறியாமலே சம்மதித்தனர் என்பது உண்மை.

அட்டவணைகளின் கதை சுவையானது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்திற் கடமையாற்றிய ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்னும் இராணுவ வைத்தியர், வாஷிங்ரனில் இருந்த சிறிய இராணுவ வைத்திய நூலகமொன்றைப் பொறுப்பேற்று, உலகின் வைத்திய சஞ்சிகைகளையெல்லாம் சேர்க்க முற்பட்டார். சேர்த்தவற்றை எவரும் கண்டெடுக்க இயலாவிடின் பயன் என்ன? எனவே, 1879இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். இடையிலே தடைப்பட்டும் பெயர் மாறியும், அது 2004 வரை அச்சில் வந்தது. அந்த நூலகமே பின்னர் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகமாயிற்று. 1964இல் அட்டவணை கணினிக்கு ஏற்றப்பட்டது; 1971இல் மெட்லைன் என்ற பெயரில் தொலைவிலிருந்தே தேடும் வசதி வந்தது; 1997இல் பப்மெட் மூலம் யாவருக்கும் இலவசமாயிற்று. இன்று அதில் 3½ கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விபரங்கள் உள்ளன. 1940களின் கட்டுரைகளும் பின்னர் சேர்க்கப்பட்டுவிட்டன.

இவ்வளவு பெரிய குவியலில் ஒரு சொல்லை இட்டுத் தேடினால் போதாதா என மாணவர் கேட்கலாம். போதாது. நம் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். பாட்டி 'சலரோகம்' என்பார். அயல்வீட்டார் 'சீனி வருத்தம்' என்பர். பாடப்புத்தகம் 'நீரிழிவு' என்னும். மூன்றும் ஒன்றே என்பதை நாம் அறிவோம். கணினி தானாக அறியாது. ஆங்கில வைத்தியக் கட்டுரைகளிலும் இதே தொல்லையுண்டு. ஒருவர் 'ஹார்ட் அற்றாக்' என்று எழுதுவதை இன்னொருவர் 'மயோகார்டியல் இன்பார்க்க்ஷன்' என்று எழுதுவார். இரத்தசோகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இங்கிலாந்தில் ஒருவிதமாகவும் அமெரிக்காவில் ஓரெழுத்துக் குறைவாகவும் எழுதுவர். இதற்குப் பரிகாரமாகவே தேசிய மருத்துவ நூலகம் 1960இல் ஒரு சொற்கோவையை வெளியிட்டது. ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு என்று வரையறுத்து, ஆசிரியர் எச்சொல்லை ஆண்டிருந்தாலும் கட்டுரையை அத்தலைப்பின் கீழ் வைப்பதே அதன் முறை.

கைதேர்ந்த நூலகர் அச்சொற்கோவையையும் முழுதாக நம்பமாட்டார். புதிய கட்டுரைக்குத் தலைப்பு இடப்படச் சில காலம் செல்லக்கூடும். ஆகவே, வந்தவருடைய கேள்வியை முதலிற் கூறுபடுத்துவார்: நோயாளர் யார்? கொடுக்கும் சிகிச்சை யாது? எதனோடு ஒப்பிடுகிறோம்? எப்பயனை எதிர்பார்க்கிறோம்? ஒவ்வொரு கூறுக்கும் உரிய தலைப்பையும் மாற்றுப் பெயர்களையும் 'அல்லது' என்னும் சொல்லாற் கோப்பார். பின்னர் கூறுகளை 'உம்' என்னும் பொருள்படும் சொல்லால் இணைப்பார். முன்னது வலையை அகலமாக்கும், பின்னது ஒடுக்கும். 'நீங்கலாக' என்னும் சொல்லை மட்டும் மிக அஞ்சியே கையாளுவார். மிருகங்களைப் பற்றியவை வேண்டாவென விலக்கப்போய், மனிதரையும் மிருகங்களையும் சேர்த்துப் பேசும் நல்ல கட்டுரையை இழந்துவிடக் கூடுமல்லவா?

இவ்வாறு தேடினால் ஆயிரக்கணக்கிற் கட்டுரைகள் அகப்படும். அவற்றுட் பயன்படுபவை சில பத்தாகவே இருக்கலாம். குறைவாக எடுத்து ஒன்றைத் தவறவிடுவதிலும் மிகுதியாக எடுத்துப் பதர் நீக்குவதே மேல் என்பது அவர்கள் கொள்கை. மெட்லைனோடு நில்லாது, எம்பேஸ் முதலிய பிற அட்டவணைகளிலும் தேடுவர். இட்ட சொற்களையும், தேடிய திகதியையும் பிறர் சரிபார்க்கும் வண்ணம் எழுதிவைப்பர். சமையற்காரர் கைப்பக்குவத்தை மறைப்பதுபோல் இங்கு மறைத்தல் கூடாது.

இத்தகைய தேடல் காலந்தாழ்ந்தால் நேர்வது யாது? தாய்மார் கவனிக்கவேண்டிய ஒன்றைக் கூறுவோம். மேனாடுகளிலே கைக்குழந்தைகளைக் குப்புறக் கிடத்தி உறங்கவைக்குமாறு குழந்தை வளர்ப்பு நூல்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் புத்திமதி கூறின. நல்லெண்ணத்தோடு கூறிய புத்திமதிதான். ஆனால் தொட்டிலிலேயே திடீரென இறக்கும் குழந்தைகளுட் குப்புறக் கிடந்தவை மிகுதி என்னும் செய்தி சஞ்சிகைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடந்தது. 1990களின் தொடக்கத்திலே, மல்லாக்கக் கிடத்துக என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயக்கம் நடத்திய பின்னர் இறப்புகள் பாதிக்கு மேற் குறைந்தன. 2005இல் ஆய்வாளர் சிலர் பழைய கட்டுரைகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுத்தனர். 1970இலேயே இவ்வாறு தொகுத்திருந்தால் உண்மை அப்போதே புலனாகியிருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு; பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டனர். அக்கணக்கை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டுக்கும் பெயர்ச் சிக்கல் அந்நியமன்று. வட மத்திய மாகாண விவசாயிகளிடையே 1990களிலிருந்து பேசப்பட்டுவரும் சிறுநீரக நோய், கட்டுரைகளில் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' எனப்படுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே காணப்படும் அதையொத்த நோய்க்கு 'மெசோஅமெரிக்கன் நெப்ரோபதி' என்று பெயர். இரண்டும் ஒன்றா, வேறா என்று நிபுணர் வாதிடட்டும்; நூலகர் இரு பெயர்களையும் இட்டுத் தேடி, இரு பக்கத்துக் கட்டுரைகளையும் வைத்தியர் முன் வைப்பார்.

இன்னுமொன்று. இலங்கையின் ஆங்கிலப் பெயர் 1972இல் மாறிற்று. அதற்கு முன் எழுதப்பட்டவற்றின் தலைப்புகளில் 'சிலோன்' என்றே காணப்படும். 1934–35இல் நாட்டை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றி ஆராயும் மாணவர் 'ஸ்ரீ லங்கா' என்று மட்டும் தலைப்புகளில் தேடினால், அக்காலத்து வைத்தியர் எழுதியவற்றைக் காணமாட்டார். இரு பெயர்களையும் 'அல்லது' என்று சேர்த்தல் வேண்டும். கணினியிற் கிடைக்காதவற்றுக்குப் பழைய அச்சுத் தொகுதிகளையும் புரட்டல் வேண்டும். அவை எந்த அலுமாரியில் உள்ளன என்பதை நூலகரிடமே கேட்கலாம்.