தகவல் துளி: ஒரு வீரருக்கு எத்தனை புள்ளி?

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஓர் அணி மற்றோர் அணியின் வீரரைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பொதுவாகப் பதிலுக்கு ஒரு வீரரைத் தர வேண்டும். அல்லது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் தனக்குரிய இடத்தை விட்டுத்தர வேண்டும்.

அந்த இடத்தின் மதிப்பை எப்படி அளப்பது? 2015-ல், போட்டிகளை நடத்தும் லீக் ஒரு புள்ளி அட்டவணையைக் கொண்டுவந்தது. அப்போது முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2517, பத்தாவதற்கு 1395 என இருந்தது. முன்னாள் வீரர்களின் மகன்களை அதே அணியில் சேர்ப்பது போன்ற ஏற்பாடுகளுக்காக வந்த கணக்கு இது. பேரத்தை எடைபோடவும் பலர் இதையே எடுத்துக்கொண்டார்கள்.

2018-ல் ஃப்ரீமேன்டில் அணியின் லாக்கி நீல் பிரிஸ்பேனுக்கு மாறினார். பிரிஸ்பேன் விட்டுத்தந்ததில் முக்கியமானவை 6, 19 ஆகிய இடங்கள். இரண்டும் சேர்ந்து 2699 புள்ளி; முதல் இடத்தின் மதிப்பைக்கூட எட்டவில்லை.

ஆனால் வீரரின் வயது, ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலம், சம்பள உச்சவரம்பு, அணியின் தேவை இவை எதுவும் அட்டவணையில் இல்லை. வீரர் சம்மதிக்காவிட்டால் பேரமே நடக்காது.

அணி மாறியபோது 25 வயதாக இருந்த நீல், 2020-லும் 2023-லும் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். 2024-ல் பிரிஸ்பேன் கோப்பையைக் கைப்பற்றியபோது இணைத் தலைவராக இருந்தவரும் அவரே.