பொங்கல் போயிற்று, சங்கு ஊதிற்று!

வாசலில் கரும்புத் தோகை இன்னும் கிடக்கிறது. கோலத்தின் காவி அழியவில்லை. கழுவிக் கவிழ்த்த பானையின் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஊதல் கேட்கிறது! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்களிலெல்லாம் பண்டிகைக்கு மறுநாள் விடியும் விதம் இதுதான். சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் தோழரைப் பாருங்கள். உடம்பு வந்துவிட்டது, மனம் இன்னும் மாடு ஓடிய தெருவிலேயே நிற்கிறது.

“என்ன தோழரே, முகம் ஏன் இப்படி?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “இன்னாவோ ஒரு மாதிரியா கீது” என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. மேஸ்திரியைக் கேளுங்கள், “பண்டிகைத் திமிர் இறங்கவில்லை” என்பார். வீட்டுக் கிழவியோ கண்ணேறு என்று கூறி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். மானேஜர் அறையில் இதற்குப் பெயர் சோம்பல். அரை நாள் கூலியைப் பிடித்தால் பறந்துவிடும் என்பது அங்கே முடிவு!

நாம் கேட்கிறோம்: திமிரா இது? சோம்பலா?

பஞ்சாலைத் தோழர்கள் அறிந்த செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிடுவோம். பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்காக உழல்பவனுக்கு, வார விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும், மூச்சுத் திணறும். செவ்வாய், புதன் என்று நாள் ஏற ஏற இறுக்கம் தளரும். மறு திங்கள் மீண்டும் பிடிக்கும். மருத்துவர்கள் இதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே பெயரிட்டார்கள். நோயின் தொடக்கம் இது. கவனியாது விட்டால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். இந்த நோயையும் ஒரு காலத்தில் சோம்பல் என்றுதான் சொன்னார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வர மனமில்லாமல் நடிக்கிறான் என்றார்கள். நுரையீரலை அளந்து பார்த்த பிறகே அவர்கள் வாய் அடைத்தது.

மனத்தை அளக்கக் கருவி இல்லை. ஆயினும் அளந்து பார்க்க முயன்றவர்கள் உண்டு. நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், விடுமுறைக்கு முன்னும் விடுமுறையிலும் திரும்பிய பின்னும் உழைப்போரை விடாமல் விசாரித்து எழுதினார்கள். விடுமுறையில் உடலும் மனமும் தெளிகின்றன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் அந்தத் தெளிவு கரைந்து, பழைய நிலை வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒன்றை மறவாதீர்கள் தோழர்களே! அவர்கள் விசாரித்தது கிழமைக் கணக்கில் ஓய்வு பெற்று, மலைக்கும் கடலுக்கும் போய் வந்த மக்களை. அவர்கள் ஓய்வே ஏழு நாளில் கரைகிறது என்றால், இரண்டு நாள் பொங்கலும் மூன்றாம் நாள் சங்கும் கண்ட நம் தோழரின் ஓய்வு பஸ் படிக்கட்டிலேயே கரைந்து போவதில் வியப்பென்ன?

தோல் ஷாப்பில் இன்னொன்று உண்டு. நாற்றம்! உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது, மூக்கு பழகிவிடும். நாலு நாள் வெளியே இருந்து, பொங்கல் வாசமும் புதுத்துணி வாசமும் கண்ட மூக்கு, ஊறல் தொட்டியும் சுண்ணாம்புக் குழியும் இருக்கும் கொட்டகையில் நுழையும்போது புது மூக்காக நுழைகிறது. குடலைப் புரட்டுகிறது. ‘இங்கேயா நாம் பத்து வருஷம் நின்றோம்!’ என்று அப்போதுதான் தோன்றுகிறது. பழக்கம் போர்த்தி வைத்திருந்த உண்மையைப் பண்டிகை ஒருமுறை திறந்து காட்டிவிடுகிறது. மனச்சோர்வில் பாதி இந்த உண்மையைப் பார்த்த சோர்வுதான் என்பது நம் கருத்து.

மூக்கைப் பற்றிப் பேசும்போது உயிரைப் பற்றியும் பேசியாக வேண்டும். முடி களைவதற்காகச் சோடியம் சல்பைடு கலந்த நீர், கழிவுத் தொட்டியில் மூடிக் கிடந்து, காற்றில்லாமல் புளித்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு பிறக்கும். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியிலேயே தங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். மிகுந்துவிட்டால் மூக்கே மரத்துப்போகும்; நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குகிறவன் மீள்வதில்லை. அவனைத் தூக்கப் போகிறவனும் மீள்வதில்லை. நாலு நாள் பூட்டிக் கிடந்த ஷாப்பில், முதல் நாள் காலையில், மனம் ஊரிலும் கை வேலையிலும் இருக்கிற ஒருவனைப் பார்த்து, “தொட்டியைச் சற்று வழித்துவிட்டு வா” என்று அனுப்புவதை எப்படிப் பொறுப்பது? பண்டிகைக்கு மறுநாள் எந்தத் தோழரும் காற்றைச் சோதிக்காத தொட்டியில் இறங்கக் கூடாது. இறங்கு என்றால் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னவர் பின்னால் ஷாப்பு முழுவதும் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இனி, கடனுக்கு வருவோம். தீபாவளிக்கேனும் போனஸ் உண்டு. 1965-இல் சட்டம் வந்தபோது குறைந்த அளவு 4 விழுக்காடு. போராடிப் போராடி அது 8.33 ஆயிற்று. பொங்கலுக்கு என்ன உண்டு? வேட்டியும் சேலையும் வெல்லமும் கரும்பும் சும்மா வருமா? தோடு அடகுக்கடைக்குப் போகிறது. வாரத்தவணைக்காரர் வாசலுக்கு வருகிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தைக் காட்டி எந்தத் தொழிலாளி பண்டிகைக்கு முதல்நாள் கடன் வாங்க முடியும்? மறுநாள் காலை மனம் கனக்கிறது என்றால், தோழர்களே, அதில் எவ்வளவு மனம், எவ்வளவு வட்டி என்று பிரித்துப் பாருங்கள்! சிலர் கனத்தைக் குறைக்கச் சாராயக் கடைக்குப் போகிறார்கள். கனம் குறைவதில்லை, கடன் ஏறுகிறது. உறக்கம் வருவதுபோல் வந்து, நள்ளிரவில் விழிப்புத் தட்டி, விடிகிற வரை உருள வைக்கிறது. அடுத்த நாள் தோல் அறுக்கும் கத்தியைப் பிடிக்க வேண்டிய கை அது.

இத்தனையும் ஆண்களைப் பற்றியே பேசிவிட்டோம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் எந்திரத்தின் முன் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்போர் பெரும்பாலும் யார்? நம் தங்கைகள், மனைவிமார், மகள்கள். அவர்களுக்கு விடுமுறை எங்கே இருந்தது? போகிக்கு வெள்ளையடித்தது யார்? பொங்கலுக்கு அடுப்பில் நின்றது யார்? மாட்டுப் பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளுக்கு இலை போட்டது யார்? காணும் பொங்கலுக்குத் திண்ணையில் சீட்டாடியவர் நாம். பாத்திரம் துலக்கியவர் அவர். ‘வேலைக்குத் திரும்பும் சோர்வு’ என்று நாம் எழுதுவதைப் படித்தால் அவர் சிரிப்பார். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு வந்தவருக்குத் திரும்புவது ஏது? மணிக்கு இத்தனை ஜோடி என்று எழுதி வைத்த பலகை மட்டும் அவருக்காகக் காத்திருக்கிறது. மேடையில் சமத்துவம் பேசும் நம் தோழர்கள் அடுத்த பொங்கலுக்குப் பாத்திரம் துலக்கிவிட்டு மேடை ஏறினால், பேச்சில் சற்று உப்புச் சேரும்.

காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குகிறவர்கள் வேறு வகை. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் நின்றும் கிடந்தும் வருகிறவர்கள். அவர்களில் பலருக்கு வேலை செய்யும் இடமே உறங்கும் இடம். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, சேறு பாய்ந்து, 10 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்துத் தொழிலாளர், உறங்கிக்கொண்டிருந்தவர்கள். ஷாப்பு வேறு, வீடு வேறு என்றிருந்தால் அன்றோ ஓய்வென்று ஒன்று இருக்கும்? அவர்கள் பேச்சு நமக்குப் புரியாவிட்டால் என்ன? ஊரில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க அதிக மொழி வேண்டாம்.

பக்ரீத்தின் கதையோ தலைகீழ். முஸ்லிம் தோழர்கள் மிகுந்த இந்த வட்டாரத்தில் ஊரே விழாக் கொள்ளும் நாள் அது. தோல் தொழிலுக்கோ அது அறுவடை நாள். அன்று உரித்த தோலுக்குச் சில மணிக்குள் உப்புத் தடவியாக வேண்டும், தவறினால் அழுகும். மண்டியில் லாரி லாரியாக வந்து குவியும். பண்டிகைக்கு மறுநாள் மற்ற தொழிலில் மெல்லத் தொடங்கலாம். இங்கே ஆண்டின் மிகப் பெரிய பாரம் அன்றுதான் தலையில் ஏறுகிறது. பிரியாணி மணத்தோடு உப்பு மூட்டை தூக்கிய தோழர்களுக்கு நாம் இதைச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வு என்பது கருணையால் கிடைத்ததன்று. பம்பாய் மில் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை 1890-இல் கிடைத்தது; நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டு கேட்டுக் கேட்டு வாங்கியது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்தபோது முன்னின்ற குறைகளில் ஒன்று, நண்பகல் உணவுக்கு நேரம் போதவில்லை என்பது. சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். பிரான்சில் 1936-இல் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த பின்னரே கூலியோடு இரண்டு வார விடுமுறை வந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்று கூலியோடு விடுப்பு தந்தது. அதைப் பெற ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பு, 180 நாள் போதும் என்றது. நாலு நாளுக்குக் குறையாமல் விடுப்பு எடுத்தால் கூலியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்ற விதியும் 1948 சட்டத்தில் இருந்தது. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தப்ப அது ஒரு வழி. கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்? ஒப்பந்தக்காரர் ஏட்டில் பெயர் ஏறாத தோழருக்கு இந்த விதிகளெல்லாம் வெறும் காகிதம் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

சரி, நாளைக் காலை பஸ் ஏறுகிறவருக்கு என்ன சொல்வது? சங்கு ஊதுவதற்கு முந்திய இரவையாவது உறக்கத்துக்கு விடுங்கள்; ஊரிலிருந்து நள்ளிரவுப் பஸ்ஸில் வந்து நேரே கொட்டகைக்குள் நுழையாதீர்கள். வாங்கிய கடனை எழுதி, மனைவியோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எண்ணாத கடன்தான் இரவில் பெருகும். முதல் நாளே முழுக் கணக்கும் காட்ட வேண்டும் என்று மேஸ்திரி விரட்டினால், தனித்தனியே முனகாமல் கமிட்டி மூலம் பேசுங்கள். சாப்பாட்டு வேளையில் தூக்கைத் திறந்து, மிஞ்சிய கரும்பைப் பங்கு போட்டு, ஊர்க் கதை பேசுங்கள். இதெல்லாம் ஒரு மருந்தா என்று கேட்கலாம். மருந்துதான்!

முதல் வாரத்துச் சோர்வு முதல் வாரத்தோடு போகும். போகாவிட்டால்? இரண்டு கிழமை ஆகியும் உறக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, “நான் இருந்து என்ன பயன்?” என்ற சொல் வாயில் வருகிறது என்றால் அது பண்டிகைச் சோர்வு அன்று. அந்தத் தோழரைத் தனியே விடாதீர்கள். மூன்று நாள் வேலைக்கு வராதவரின் பெயரை மஸ்டரில் அடிப்பதற்கு முன், கிளைத் தோழர் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். 2022-இல் அரசு தொடங்கிய மனநல உதவி அது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இலிருந்து இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கவனிக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கைக்கொண்ட இடம். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று அதைக் கேலி பேசுகிற நாக்கை நம் கொட்டகைகளில் அனுமதிக்கலாகாது. கத்தி பட்ட கைக்குக் கட்டுப்போடப் போகிறவனை எவரும் கேலி செய்வதில்லையே!

கடைசியாக ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய 4 நாட்களையும், அவற்றோடு பண்டிகைக்கென 5 நாட்களையும் தருகிறது. அந்த ஐந்து எவை என்பது முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து முடிவாக வேண்டியது. எண்ணுங்கள்: பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ். ஐந்தும் தீர்ந்தது! மாட்டுப் பொங்கல் எங்கே? வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு எங்கே? எருது விடும் நாள் எங்கே? ஐந்து போதாது என்பது ஒரு கோரிக்கை, அது சட்டமன்றத்துக்கு. இருக்கிற ஐந்தையும், சேர்த்துவைத்த விடுப்பு நாட்களையும் எப்படிக் கோப்பது, பண்டிகையின் வாலில் ஒரு வெறும் நாளை எப்படி ஒட்டவைப்பது என்பது இன்னொன்று. அது நம் கையில். உங்கள் ஷாப்பில் அடுத்த ஆண்டுப் பட்டியல் யார் கேட்டு எழுதப்பட்டது? கையெழுத்துப் போட்டவர் யார்? பெண்கள் வரிசையிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டார்களா? இந்த வாரக் கிளைக் கூட்டத்தில் அந்தக் காகிதத்தை வரவழைத்துப் பாருங்கள்.