‘ஷோலே’ மலையில் ஒரு பகல்: பாறைச் சரிவில் மிஞ்சிய பாறுகள்

பெங்களூரில் மைசூர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்தான். கெங்கேரி போகும். தட்டு இட்லிக்குப் பேர்போன பிடதி போகும். அதற்குப் பிறகு ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்கத் தொடங்குவார்கள்.

தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே, யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது போலப் பாறைகள்! வீட்டளவு பாறை, கோயில் கோபுரத்தளவு பாறை. ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நிற்கும். சில, இப்போதே உருண்டுவிடும் போலத் தோன்றும். ஆனால் உருளவில்லை. எத்தனையோ தலைமுறையாக அப்படியே நிற்கின்றன.

அதுதான் ராமநகரம்.

ஊரில் இருந்து மூன்று, நான்கு கி.மீ. தூரத்தில் ராமதேவர பெட்டா. ‘பெட்டா’ என்றால் மலை என்பது பெங்களூரில் ஒரு மாதம் இருந்தவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், மலை ஏறி, இறங்கி, இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். கட்டுச்சோறும் தண்ணீரும் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

கப்பர்சிங் எங்கே இருந்தான்?

இந்த மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ‘ஷோலே’ படத்துக்காகத்தான் போகிறார்கள். ரமேஷ் சிப்பி 1973 அக்டோபரில் இங்கே படப்பிடிப்பைத் தொடங்கினார். பாறைகளுக்கு இடையே ‘ராம்கர்’ என்று ஒரு கிராமத்தையே செட்டாகப் போட்டார்கள். நெடுஞ்சாலையில் இருந்து அங்கு போக ரோடும் போட்டார்கள். படம் 1975 ஆகஸ்ட் 15-ந் தேதி வெளிவந்தது. அதன் பிறகு ராமநகரம் இந்தியா முழுவதும் தெரிந்த ஊராகிவிட்டது.

“அப்பா, கப்பர்சிங் நின்ற பாறை எது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்பாக்களும் ஏதோ ஒரு பாறையைக் காட்டிவிடுவார்கள். செட் எல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது பாறை மட்டுமே. படத்தில் வரும் ரயில் சண்டையும் இங்கே எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதை எடுத்தது பம்பாய்ப் பக்கம், பன்வெல் அருகே.

டேவிட் லீன் எடுத்து 1984-ல் வெளிவந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தின் குகைக் காட்சிகளுக்கும் இந்த மலையும், பக்கத்தில் உள்ள சாவனதுர்காவும்தான் பயன்பட்டன.

250 கோடி வயது

சினிமா வந்து ஐம்பது ஆண்டுதான் ஆகிறது. பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு!

பூமிக்குள் பல கி.மீ. ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு, மெல்ல மெல்ல ஆறிக் கல்லானது. மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் மழையிலும் காற்றிலும் கரைந்து போயின. உள்ளே இருந்த கருங்கல் வெளியே தலை நீட்டியது. பாரம் நீங்கியதால் கல்லில் விரிசல் விட்டது. விரிசல் வழியே தண்ணீர் இறங்கியது. கட்டம் கட்டமாக வெடித்த கல்லின் மூலைகள் தேய்ந்து உருண்டையாயின. வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்து கிடக்கும் பாறையை மலையில் பல இடங்களில் பார்க்கலாம். ஆக, இந்தப் பாறைகளை யாரும் தூக்கி வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே வடிவம் பெற்றவை.

இந்தக் கல்லுக்கு நிலவியல் புத்தகங்களில் ‘க்ளோஸ்பேட்டை கிரானைட்’ என்று பெயர். திப்பு சுல்தான் மறைவுக்குப் பிறகு மைசூரில் ரெசிடெண்டாக இருந்த பாரி க்ளோஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரால், ராமநகரம் ஒரு காலத்தில் க்ளோஸ்பேட்டை என்று அழைக்கப்பட்டது. ஊர் பெயரை மாற்றிக்கொண்டது. கல் மாற்றிக்கொள்ளவில்லை. தெற்கே இருந்து பெல்லாரி பக்கம் வரை, சுமார் 400 கி.மீ. நீளத்துக்கு இந்தக் கல் ஒரு பட்டையாக ஓடுகிறது.

லால்பாக்கில் மாலை நேரம் எல்லோரும் ஏறி உட்காரும் பாறை இருக்கிறதே, அது இதைவிடவும் மூத்தது. அதற்கு 300 கோடி ஆண்டு என்கிறார்கள். கடலை கொறிக்கும்போது யாருக்கு இது நினைவு வரும்!

படி ஏறும்போது

மலை அடிவாரத்தில் வனத்துறை சாவடி இருக்கிறது. கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே இருந்து காட்டு வழி. அடர்ந்த காடு என்று சொல்ல முடியாது. உண்ணிச்செடியும் முள்ளும் குட்டை மரங்களும் நிறைந்த வறண்ட காடு. மழை முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் பச்சையாக இருக்கும். சித்திரையில் போனால் காலுக்குக் கீழேயும் வெயில், தலைக்கு மேலேயும் வெயில்.

படிகள் சுமார் நானூறு என்பார்கள். முதலில் சாதாரணப் படி. மேலே போகப் போகப் பாறையிலேயே வெட்டிய படி. செங்குத்தான இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. மழைத் தூறல் விழுந்தால் பாறை சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு ஓடுகிற பையன்களைப் பெரியவர்கள் அதட்டி நிறுத்துவது நல்லது.

நடுவழியில் பட்டாபிராமர் கோயில். அருகே பாறைக்குள் சுனை. காக்கை உருவில் வந்த காகாசுரனை ராமர் வதம் செய்தது இங்கேதான் என்பது ஊரார் நம்பிக்கை. மூட்டுவலிக்காரர்கள் கோயிலோடு நின்றுவிடலாம். மற்றவர்கள் உச்சிக்கு ஏறினால், சுற்றிலும் ஏழு குன்றுகளையும் காணலாம்.

குரங்குகளின் தொல்லை உண்டு. உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அது குரங்குக்குத்தான். இந்தக் குன்றுகளில் கரடியும் சிறுத்தையும் இருக்கின்றன. எனவே பாதையை விட்டுப் புதருக்குள் போகக் கூடாது. மாலையில் குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

வெள்ளைக் கறை எதற்கு?

உச்சிக்குப் போகும் வழியில், எதிரே உள்ள செங்குத்துப் பாறையைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு ஊற்றியது போலச் சில இடங்களில் வெள்ளையாக வழிந்திருக்கும். அதுதான் அடையாளம். அங்கே பாறு உட்காருகிறது என்று அர்த்தம்.

பாறு என்றால் சிலருக்குப் புரியாது. பிணந்தின்னிக் கழுகு என்றால் புரியும். கழுத்து நீண்ட, இறக்கை விரித்தால் ஏழடி வரும் கருங்கழுத்துப் பாறு, இந்தப் பாறை இடுக்கில்தான் கூடு வைக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டு பிடிக்கும்.

காலையில் அது பறக்காது. வெயில் ஏறிப் பாறை சூடாகி, சூடான காற்று மேலே கிளம்பும் வரை காத்திருக்கும். பிறகு இறக்கையை விரித்துச் சாய்ந்துகொண்டால் போதும். அடிக்காமலே வட்டம் போட்டு மேலே போய்விடும்.

கிராமத்தில் பிறந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இந்தப் பறவை நன்றாக நினைவிருக்கும். மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி தெரியும். பிறகு பத்து, இருபது, முப்பது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் எலும்புதான் மிஞ்சும். நாற்றம் இல்லை, நோய் இல்லை, முனிசிபாலிடி லாரியும் இல்லை.

அந்தக் கூட்டம் எங்கே போயிற்று?

யாரும் சுடவில்லை. மாட்டுக்குப் போட்ட ஊசிதான் கொன்றது. கால்வலி, மடிவீக்கம் என்றால் மாட்டுக்கு ‘டைக்ளோஃபினாக்’ என்ற வலி மருந்தைப் போட்டார்கள். மலிவான மருந்து. மாடு பிழைத்தால் சரி. பிழைக்காமல் இறந்தால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் சாவு. ஒரு மாட்டை முப்பது பாறுகள் கூடித் தின்னும் என்பதால் சாவும் கூட்டமாக வந்தது. நூறு சடலத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். 1990-களில் தொடங்கிய இந்தச் சாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துவிட்டன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல்தான் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மாட்டுக்கு அதைப் போடக் கூடாது என்று 2006-ல் இந்திய அரசு தடை செய்தது.

திருக்கழுக்குன்றத்து இரட்டைக் கழுகுகளைத் தரிசிக்காத தமிழர் அந்தக் காலத்தில் குறைவு. உச்சி வேளையில் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். அவையும் இந்தக் குடும்பம்தான். மஞ்சள்முகப் பாறு என்று பெயர். 1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. அந்த இனப் பறவையை ராமநகரம் பாறைகளில் இன்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் முக்கியமாக மிஞ்சியிருப்பது நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, மோயாறு பள்ளத்தாக்கில்.

சரணாலயம் வந்த பிறகும்

2012-ல் கர்நாடக அரசு இந்த மலையைச் சுற்றி 346 ஹெக்டேர் நிலத்தைப் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. பாறுக்கென்று தனியாக ஒரு சரணாலயம் இந்தியாவில் இதுவே முதல். ஆனாலும் கருங்கழுத்துப் பாறுகளின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நிற்கிறது.

பட்டியலில் ஒரு பறவை குறைந்தால் மனிதனுக்கு என்ன என்று கேட்கலாம். பாறுகள் போன இடத்தில் செத்த மாட்டுக்கு நாய்கள் கூடின. நாய்கள் பெருகியதால் வெறிநாய்க்கடி பயமும் பெருகியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது செத்த மாட்டை வெளியே போடுவது குறைந்து, குழி தோண்டிப் புதைக்கிறார்கள். சுத்தம்தான். ஆனால் பாறு எதைத் தின்னும்? சுற்று வட்டாரத்தில் கல் உடைக்க வைக்கும் வெடியும் அதற்கு ஆகாது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை வெடிச்சத்தம் கேட்டால் முட்டையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். கூட்டமாக வந்து விசில் அடித்து, ‘கப்பர்சிங்’ வசனத்தைப் பாறையைப் பார்த்துக் கத்தும் வாலிபர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தால் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

பாறைக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்து, பத்து மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று கிளம்பும். பருந்து என்று ஏமாந்துவிடக் கூடாது. பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். பாறுக்கு வால் குட்டை, இறக்கை பலகை போல அகலம். பாறு வராவிட்டாலும், பாறை இடுக்குப் புதரில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற சிறு பறவை நிச்சயம் சத்தம் கொடுக்கும். பாறையும் புதரும் சேர்ந்த இத்தகைய குன்றுகளை விட்டு அது வேறெங்கும் அதிகம் போவதில்லை.

இறங்கி ஊருக்குள் வந்தால் பட்டுக்கூடு மார்க்கெட். ஆசியாவிலேயே பெரியது என்கிறார்கள். காஞ்சிபுரத்துத் தறிக்குப் போகும் பட்டுநூலில் கர்நாடக நூலுக்கு நெடுங்காலப் பங்கு உண்டு. மாலை ரயிலுக்கு நேரம் இருந்தால் ஸ்டேஷன் அருகே ஒரு காபி குடித்துக்கொண்டு, மேற்கே வெயில் சாயும்போது பாறைகள் செம்மண் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கலாம். பாறுகள் அடையத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான்.