தூள்தானே என்று தொடாதீர்கள்

அமிலம் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

பேட்டரியில் ஊற்றும் ஆசிட் நினைவுக்கு வரும். கழிப்பறை கழுவும் ஆசிட் நினைவுக்கு வரும். நகைப் பட்டறைத் திராவகம் நினைவுக்கு வரும். இவை எல்லாம் தண்ணீர் போல இருப்பவை. மேலே பட்டால் சுடும் என்று நமக்குத் தெரியும். அதனால் தள்ளி நிற்போம்.

ஆனால் எல்லா அமிலமும் தண்ணீர் போல இருப்பதில்லை. சில அமிலங்கள் தூளாக இருக்கும். சில உப்புக்கல் போல இருக்கும். சில சீவல் சீவலாக இருக்கும். இவை மூட்டையிலும் டிரம்மிலும் வருகின்றன. லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகின்றன.

மூட்டை கிழிந்து தூள் கொட்டினால் என்ன நடக்கிறது? "தூள்தானே" என்று ஒருவர் கையால் அள்ளுகிறார். ஒருவர் துடைப்பத்தை எடுக்கிறார். ஒருவர் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவி விடுகிறார். மூன்றும் தவறு. ஏன் தவறு? அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? பார்ப்போம்.

எங்கே இருக்கின்றன?

ராஜஸ்தான் மாநிலத்தில் கிஷன்கர் என்ற ஊர் இருக்கிறது. பளிங்குக் கல் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். பளிங்குக்கு மெருகு ஏற்ற ஆக்சாலிக் அமிலம் என்ற வெள்ளைத் தூளைப் பயன்படுத்துகிறார்கள். துணியில் படிந்த துருக் கறையை எடுக்கவும் இது பயன்படும். பார்க்கச் சர்க்கரை போல இருக்கும். ஒன்றிரண்டு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. சிறுநீரகம் கெட்டுப் போகும்.

பஞ்சாப் மாநிலத்தில் லூதியானா என்ற நகரம். சைக்கிள் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற நகரம். சைக்கிள் பாகங்களுக்குப் பளபளப்பான முலாம் பூசக் குரோமிக் அமிலம் தேவை. இது கருஞ்சிவப்புச் சீவலாக வரும். தோலைப் புண்ணாக்கும். இதன் காற்றை நெடுநாள் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். நுரையீரல் புற்றுநோயும் வரலாம்.

குஜராத் மாநிலத்தில் வாபி, அங்கலேஷ்வர் என்ற ஊர்கள். அங்கே சாயமும் மருந்துச் சரக்கும் செய்யும் ஆலைகள் நிறைய உண்டு. இப்படிப்பட்ட ஆலைகளில் நீரற்ற அலுமினியம் குளோரைடு என்ற தூள் பயன்படும். ஈரக் காற்றுப் பட்டாலே இது புகையும். அந்தப் புகை அமிலப் புகை. கண்ணும் தொண்டையும் எரியும்.

தூள் எப்படிச் சுடும்?

காய்ந்த இடத்தில் இந்தத் தூள் சும்மா கிடப்பது போல இருக்கும். ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

நம் உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறது? கண்ணில் இருக்கிறது. மூக்கில், வாயில், தொண்டையில் இருக்கிறது. வேலை செய்பவரின் கழுத்திலும் முதுகிலும் வியர்வை இருக்கிறது. மூட்டை தூக்குபவருக்கு எந்த இடத்தில் மூட்டை உரசுமோ, அந்த இடத்தில்தான் வியர்வையும் அதிகம். தூள் அங்கே ஒட்டும். வியர்வையில் கரையும். மெல்ல மெல்ல அரிக்கும். சில சமயம் உடனே எரிச்சல் தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகி இருக்கும்.

தண்ணீர் நல்லதா, கெட்டதா?

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான செய்தி. இரண்டு வரியில் நினைவில் வையுங்கள்.

கொட்டிய தூளின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
தூள் பட்ட மனிதர் மேல் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

தரையில் கிடக்கும் தூளில் தண்ணீர் ஊற்றினால் அது அமிலக் கரைசலாக ஓடும். சாக்கடைக்குப் போகும். வாய்க்காலுக்குப் போகும். குளத்துக்குப் போகும். ஆடு மாடு குடிக்கும். அலுமினியம் குளோரைடு போன்ற தூளாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கொதித்துப் புகை கிளம்பும். டிரம்முக்குள் தண்ணீர் போனால் டிரம் வெடிக்கவும் கூடும்.

மனித உடம்பில் பட்டால் கணக்கு வேறு. வேட்டி நுனியை நனைத்துத் துடைப்பது போதாது. கொஞ்சம் தண்ணீர் தூளைக் கரைத்து எரிச்சலைக் கூட்டும். நிறையத் தண்ணீர் தூளை அடித்துக்கொண்டு போகும். அதனால் குழாயடி, பம்புசெட், டீக்கடைத் தொட்டி, எது அருகில் இருந்தாலும் அங்கே கொண்டு போங்கள்.

சாலையில் கொட்டினால்

ஒரு லாரி சாய்ந்துவிட்டது. மூட்டைகள் கிழிந்து தூள் கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

1. கூட்டத்தை விலக்குங்கள். குறைந்தது 25 மீட்டர் தூரம் தள்ளி நிற்க வேண்டும். நடந்தால் சுமார் 35 எட்டு. புகை வந்தால் இன்னும் தள்ளிப் போங்கள்.

2. காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ, அந்தப் பக்கமாக நில்லுங்கள். தூளும் புகையும் உங்களை விட்டு விலகிப் போக வேண்டும்.

3. பீடி, சிகரெட் பற்ற வைக்க விடாதீர்கள்.

4. 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். எந்த இடம், என்ன சரக்கு, எத்தனை மூட்டை, யாருக்காவது அடிபட்டதா, புகை வருகிறதா என்று சொல்லுங்கள்.

5. மழை வரும் போல இருந்தால், தூளை மிதிக்காமல் எட்டி நின்று பிளாஸ்டிக் படுதாவால் மூட முடியுமா என்று பாருங்கள். சாக்கடைப் பக்கம் மண்ணால் சிறு கரை கட்டலாம். புகை வந்தால் இரண்டும் வேண்டாம். தீயணைப்புப் படைக்கு விட்டுவிடுங்கள்.

மூட்டை என்ன சொல்கிறது?

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு இங்கே உயிர் காக்கும்.

அரிக்கும் சரக்குக்கு ஓர் அடையாளப் படம் உண்டு. முனையில் நிற்கும் சதுரம். மேல் பாதி வெள்ளை. கீழ்ப் பாதி கறுப்பு. இரண்டு குழாய்களில் இருந்து சொட்டு விழும். ஒன்று கையின் மேல் விழும். மற்றொன்று இரும்பின் மேல் விழும். கீழ் மூலையில் 8 என்ற எண் இருக்கும். உலகம் முழுவதும் இதே படம்தான்.

லாரியின் மேல் ஒரு பலகை இருக்க வேண்டும். அதில் சரக்கின் பெயர், அதன் எண், அபாயப் படம், உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைச் சொல்கின்றன. சரக்கைப் பற்றிய எழுத்துக் குறிப்பை ஓட்டுநர் தம் இருக்கைப் பகுதியில் வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்தில் உடனே சொல்ல வேண்டும். அபாயச் சரக்கு ஓட்டுபவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

எட்ட நின்று பலகையைப் படியுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பதற்காகக் கிட்டே போகாதீர்கள்.

உடம்பில் பட்டால்

முதலில் காய்ந்த துணியால் தூளைத் தட்டி விடுங்கள். வெறுங்கையால் தட்டாதீர்கள். தூள் பட்ட உடையையும் செருப்பையும் கழற்றுங்கள். பனியனைத் தலை வழியாக இழுத்தால் தூள் கண்ணில் விழும். கத்தரித்து எடுங்கள். பெண்களாக இருந்தால் கூச்சப்பட்டுத் தாமதிப்பார்கள். நான்கு பெண்கள் சுற்றி நின்று புடவையால் மறைப்புக் கட்டுங்கள். வெட்கம் பார்க்கும் நேரத்தில் புண் ஆழமாகிவிடும்.

பிறகு 20 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

கண்ணில் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கம் இருந்து வெளிப் பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். அப்போதுதான் அடுத்த கண்ணுக்குப் போகாது. இதையும் 20 நிமிடம் செய்யுங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

வாய்க்குள் போனால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும்.

புகையைச் சுவாசித்தவரை நல்ல காற்றுக்குக் கொண்டு போங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். "இப்போது சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சரக்கின் பெயர் எழுதிய காகிதத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.

செய்யக் கூடாதவை

பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். எது கொட்டினாலும் பிளீச்சிங் பவுடர் போடுவது பல ஊர்களில் பழக்கம். ஈரமான அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுக் காற்று வரும்.

மரத்தூளும் சாக்கும் போட்டு மூடாதீர்கள். குரோமிக் அமிலத்தில் அவை தீப்பற்றலாம். காய்ந்த மணல் போதும்.

இரும்பு வாளியிலும் அலுமினியச் சட்டியிலும் அள்ளாதீர்கள். ஈரம் இருந்தால் அமிலம் உலோகத்தை அரிக்கும். எரியக்கூடிய காற்று வரும்.

புண்ணில் சுண்ணாம்பு, சலவைச் சோடா, எண்ணெய், நெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். தண்ணீர்தான் மருந்து.

யார் அள்ள வேண்டும்?

தூள் கொட்டியதும் யாரைக் கூப்பிடுகிறார்கள்? துடைப்பம் வைத்திருக்கும் தூய்மைப் பணியாளரைக் கூப்பிடுகிறார்கள். இல்லாவிட்டால் மூட்டை தூக்கும் தொழிலாளியைக் கூப்பிடுகிறார்கள். "சீக்கிரம் கூட்டி அள்ளு" என்கிறார்கள். கையில் உறை இல்லை. காலில் வெறும் செருப்பு. முகத்தில் ஒரு துண்டு. இது சரியா?

இந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும். நீண்ட ரப்பர் கையுறை, ரப்பர் காலணி, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, தூளுக்கும் புகைக்கும் ஏற்ற முகமூடி வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூள் பறக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் மெதுவாக அள்ளி, காய்ந்த பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். மிச்சம் இருப்பதைச் சலவைச் சோடா அல்லது சுண்ணாம்பு போட்டு முறிப்பது தெரிந்தவர்கள் செய்யும் வேலை.

இவை இல்லாமல் அள்ளச் சொன்னால் என்ன சொல்லலாம்? "இது என்ன சரக்கு? பெயர் என்ன? கையுறை எங்கே?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் அதட்டுவார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

காலிச் சாக்கும் காலி டிரம்மும்

விபத்து முடிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. காலிச் சாக்கை உதறித் தானியம் கட்டுவார்கள். காலி டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிப்பார்கள். தையல் ஓரத்திலும் மூடி இடுக்கிலும் தூள் ஒளிந்திருக்கும். வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். விலைக்கும் வாங்காதீர்கள்.

பதில் எழுதுங்கள்

1. கொட்டிய தூளின் மேல் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது?
2. கண்ணில் தூள் பட்டால் எத்தனை நிமிடம் தண்ணீர் விட வேண்டும்?
3. அரிக்கும் சரக்கின் அடையாளப் படத்தில் உள்ள எண் எது? அந்தப் படத்தை வரையுங்கள்.
4. உங்கள் ஊர்ச் சாலையில் நிற்கும் ஒரு லாரியின் பலகையைப் படியுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது?
5. 112 என்ற எண்ணை உங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். பக்கத்து வீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.