பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது

ஜப்பானியக் கலைஞர்கள் உருவாக்கியும் ஜப்பானில் வெளியாகாமல், 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க ரசிகர்களுக்கென்றே நிண்டெண்டோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்டார்டிராபிக்ஸ்’ என்னும் வீடியோ கேமின் அட்டைப்பெட்டிக்குள்ளே, கேசட்டும் கையேடும் போக, ஒரு கடிதமும் இருந்தது. ஆட்டத்தின் நாயகனான மைக் என்ற சிறுவனுக்கு, அகழாய்வு நிபுணரான அவனுடைய உறவினர் எழுதியதாகப் பாவனை செய்யப்பட்ட அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கேயோ போட்டவர்கள், பல நாட்கள் ஆடிக் கதையில் வெகுதூரம் சென்ற பிறகு, நீர்மூழ்கிக் கப்பலை மேற்கொண்டு செலுத்த ஓர் அலைவரிசை எண் வேண்டும் என்றும், அதற்குக் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்றும் செய்தி வரக் கண்டு திகைத்தார்கள். திரைக்குள்ளே தேடிப் பயனில்லை. வீட்டில் கிடந்த காகிதத்தையே நனைக்க வேண்டியிருந்தது. நனைத்தால் 747 என்ற எண் அதில் தெரிந்தது. கடிதத்தைத் தொலைத்தவர்களும், பெட்டி இல்லாமல் பழைய கேசட்டை மட்டும் விலைக்கு வாங்கியவர்களும், யாராவது எண்ணைச் சொல்லும் வரையில் அந்த இடத்திலேயே நின்றார்கள்.

ஆட்டத்தில் ஒரு பகுதி கேசட்டிலும் மற்றொரு பகுதி காகிதத்திலும் இருந்த காலம் அது. இந்த ரகசியத்தை நிண்டெண்டோவைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் போன்ற கடைகள் கேசட்டுகளை வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தபோது, அந்த வாடகைத் தொழிலைத் தடுக்கச் சட்டத்தில் வழி காணாத அந்நிறுவனம், கடைக்காரர்கள் கேசட்டோடு கையேட்டையும் நகலெடுத்துக் கொடுக்கிறார்களே, அது பதிப்புரிமை மீறல் அல்லவா என்று 1989-இல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. கையேடு கைக்குக் கிடைக்காவிட்டால் வாடகைக்கு எடுத்த ஆட்டத்தின் சுவாரசியம் குன்றிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. வியாபாரிகள் சில வேளைகளில் விமரிசகர்களைவிடக் கூர்மையான ரசனை உடையவர்களாக இருந்துவிடுகிறார்கள்.

காகிதத்துக்கு இத்தனை முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் யந்திரத்தின் வறுமைதான். 1985-இல் வெளிவந்து உலகத்தையே ஆட்டிவைத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்ற ஆட்டம் முழுவதும், அதன் மலைகளும் மேகங்களும் சங்கீதமும் உட்பட, வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்துக்கே அதைப்போலப் பல பத்து மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு குறுகிய இடத்தில் கதை சொல்வது எப்படி? தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்னே வந்து, வரப்போகிற ராஜா இன்னார், அவருக்கு நேர்ந்த சங்கடம் இன்னது என்று சொல்லிப் போவதைப்போல, கையேடு முன்னால் வந்து கதை சொல்லிற்று. மாரியோவின் கையேட்டைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விபரீதமான செய்தி உண்டு: காளான் ராஜ்யத்துப் பிரஜைகளை அசுர அரசன் தன் மாந்திரீகத்தால் கற்களாகவும் செங்கற்களாகவும் செடிகளாகவும் மாற்றிவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியானால், நாற்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் கீழிருந்து குத்தி உற்சாகமாக உடைத்துத் தள்ளுகிற அந்தச் செங்கற்கள் யார்? திரையில் இதற்கு ஒரு குறிப்பும் கிடையாது.

கையேடு வழி தப்பச் செய்ததும் உண்டு. ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ 1986-இல் ஜப்பானில் வந்தபோது, அங்கே நிண்டெண்டோ விற்ற ஃபேமிகாம் கருவியின் இரண்டாவது கைப்பிடியில் சிறியதொரு மைக்ரோபோன் பொருத்தப்பட்டிருந்தது. பெரிய காதுகளையுடைய ‘போல்ஸ் வாய்ஸ்’ என்ற பூதம் எதிர்ப்பட்டால், அந்த மைக்கில் உரக்கக் கத்த வேண்டும். கத்தினால் பூதம் மாண்டுபோகும். மறு ஆண்டு இந்த ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே விற்ற கருவியில் மைக் இல்லை. ஆயினும், இந்தப் பூதத்துக்குச் சத்தம் ஆகாது என்ற குறிப்பு மட்டும் ஆங்கிலக் கையேட்டில் அப்படியே தங்கிவிட்டது. அதை வேதவாக்காக நம்பிய அமெரிக்கச் சிறுவர்கள், ஆட்டத்தில் கிடைக்கும் புல்லாங்குழலை அதன்முன் ஊதிப் பார்த்தார்கள், பூதம் அசையவில்லை. அம்பெய்து கொல்ல வேண்டும் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இன்று சேகரிப்பாளர்கள் ஜப்பானியப் பிரதியையும் அமெரிக்கப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கிறவர்களின் வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

கணிப்பொறி ஆட்டங்களின் பெட்டிகள் இன்னும் ஆடம்பரமானவை. இன்ஃபோகாம் நிறுவனத்தின் ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் ஆட்டத்தோடு 1982-இல் போலீஸ் விசாரணைக் குறிப்புகளும், சாட்சியமாக மாத்திரைகளும் வந்தன. ‘அல்டிமா’ வரிசையில் துணியில் அச்சிட்ட தேசப்படம் கிடைத்தது. 1984-இல் இங்கிலாந்தில் வெளியான ‘எலீட்’ என்ற விண்வெளி ஆட்டத்துக்கு ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் என்ற எழுத்தாளர் ஒரு குறுநாவலே எழுதிக் கொடுத்தார். ‘சிம்சிட்டி’யின் கையேட்டில் நகரங்களின் சரித்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது; அதைப் படிக்காமலும் ஆடலாம், படித்துவிட்டு ஆடினால் வேறு ஆட்டம். இவற்றுள் சில, திருட்டுப் பிரதியைத் தடுக்கும் உபாயமாகவும் பயன்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை. 1990-இன் ‘மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமானால், கடற்கொள்ளைக்காரர்களின் முகங்கள் அச்சிட்ட அட்டைச் சக்கரத்தைச் சுழற்றி, அதில் தெரியும் ஆண்டைத் தட்டெழுத வேண்டும்.

நம் ஊரில் 1990-களில் ‘டிவி கேம்’ என்று வழங்கியவை பெரும்பாலும் நிண்டெண்டோ கருவியின் நகல்களே. ‘9999 இன் 1’ என்று ஆசை காட்டிய மஞ்சள் நிறக் கேசட்டுகளில் உள்ளபடி இருந்தவை சில ஆட்டங்கள்தாம். அவற்றோடு கையேடு என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் குதிக்கலாம் என்பதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தத் தலைமுறை, கதை தெரியாமலே கதாநாயகனை நடத்திச் சென்ற தலைமுறை. ஆகவே, கையேட்டின் மறைவைப் பற்றி நம்மில் பலருக்குத் துக்கம் இல்லாதது இயல்பே.

மறைவு ஒரே நாளில் நிகழவில்லை. குறுந்தகடும் டிவிடியும் வந்து இடவசதி பெருகியதும், ஆட்டமே முதல் அரைமணி நேரம் ஆசிரியராக இருந்து பாடம் சொல்லத் தொடங்கிற்று, வண்ணப் பக்கங்கள் கறுப்பு வெள்ளையாயின, பக்கங்கள் குறைந்தன, ஐரோப்பாவில் பல பாஷைகளை ஒரே புத்தகத்தில் திணித்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பக்கம் ஒதுக்கினார்கள். வெளியான பிறகும் இணையத்தின் வழியே ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கலாம் என்றான பின், அச்சிட்ட புத்தகம் விற்பனைக்கு வரும் நாளிலேயே பழையதாகிவிட்டது. 2010 ஏப்ரலில் யூபிசாஃப்ட் நிறுவனம், மரங்களைக் காப்பாற்றும் பொருட்டுக் காகிதக் கையேட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. மரங்களின்பால் கொண்ட கருணையோடு அச்சுச் செலவு மிச்சமாவதும் சேர்ந்துகொண்டது என்று கருதுவது அபாண்டமாகாது என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களும் பின்பற்றினார்கள். 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் ஆட்டப்பெட்டியைத் திறந்து பாருங்கள்: மூடியின் உட்புறத்தில் கையேட்டைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பற்கள் இன்னமும் இருக்கின்றன. பிடித்துக்கொள்ளப் புத்தகம்தான் இல்லை.

இந்த நிலையில்தான் சேகரிப்பாளரின் காரியம் தொடங்குகிறது. பெட்டி, கேசட், கையேடு ஆகிய மூன்றும் சேர்ந்ததையே அவர்கள் முழுப் பிரதி என்பார்கள். கேசட் பிளாஸ்டிக் ஆகையால் காலத்தைத் தாங்கிற்று. அட்டைப்பெட்டியைக் குழந்தைகள் வாங்கிய அன்றே கிழித்தெறிந்தார்கள். கையேடு கட்டிலுக்கடியில் கிடந்து பின் குப்பைக்குப் போயிற்று. அதனால் பல ஆட்டங்களுக்குக் கேசட் எளிதில் அகப்படும், காகிதம் அகப்படாது. கையேட்டை மட்டுமே தனியாக விற்பதும் வாங்குவதும் ஒரு வியாபாரமாகிவிட்டது. அப்புறம் அதைக் காப்பாற்றும் கவலை: கம்பித்தையல் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும், ஈரக்காற்றில் தாள் அலைபோல் நெளியும், ராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்னும்.

அநேகக் கையேடுகளின் கடைசியில் குறிப்பெழுதுவதற்கென்று வெற்றுப் பக்கங்கள் இருக்கும். ‘மெட்ராய்ட்’ போன்ற ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர 24 எழுத்துக்கள் கொண்ட சங்கேதச் சொல்லை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு பையன் பென்சிலால் எழுதி, ஓர் எழுத்தைத் தவறவிட்டு, அடித்துத் திருத்தி, கீழே தன் பெயரையும் கிறுக்கி வைத்த பக்கத்தை விலை குறைக்கும் தோஷமாக வியாபாரிகள் கணக்கிடுகிறார்கள். எனக்கோ அப்படிப்பட்ட பிரதியே உயர்ந்ததாகத் தோன்றுகிறது; அது ஆடப்பட்ட ஆட்டம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இதற்கு நேர்மாறான பைத்தியமும் உண்டு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில், உறை பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ பிரதி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. அதனுள்ளேயும் ஒரு கையேடு இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை, இனிப் படிக்கப்போவதும் இல்லை, படித்தால் பணம் போய்விடும். இதைச் சேகரிப்பு என்று சொல்ல என் நா எழவில்லை. அது முதலீடு.

உண்மையான பாதுகாப்பு வேறிடத்தில் சந்தடியின்றி நடக்கிறது. அமெரிக்காவில் வெளியான பிளேஸ்டேஷன் 2 கையேடுகள் 1,900-க்கும் மேற்பட்டவற்றைத் தம் சொந்தப் பணத்திலும் நேரத்திலும் திரட்டிய சேகரிப்பாளர் ஒருவர், அவற்றைப் பக்கம் பக்கமாகத் துல்லியமாகப் படமெடுத்து, 2022-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் எல்லோரும் படிக்க வைத்துவிட்டார். அதன் அவசியம் மறு ஆண்டே புலப்பட்டது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வந்த ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. எலெக்ட்ரானிக் பிரதிகளுக்கும் சாசுவதம் இல்லை. ஸ்டார்டிராபிக்ஸைப் பின்னாளில் நிண்டெண்டோவின் வீ கருவிக்கு மறுவெளியீடு செய்தபோது, மின்கையேட்டுக்குள்ளேயே கடிதத்தை நனைத்துப் பார்க்கும் வசதி செய்திருந்தார்கள். அதை விற்ற கடையை 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு விற்கும் சில அட்டைகளில் ஆட்டமே கிடையாது. ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள உரிமை தரும் சாவி மாத்திரமே உண்டு. கையேடு போனபோது, படிக்கத்தான் யார் இருக்கிறார்கள் என்று அலட்சியமாக இருந்தோம். இப்போது பெட்டிக்குள்ளிருந்து ஆட்டமே போகத் தொடங்கிவிட்டது.

பரண்மேல் பழைய கணிப்பொறிப் பெட்டியோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த ஆட்டமோ கிடந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கையேடு இருந்தால் எடுத்து வையுங்கள். துருப்பிடித்த கம்பியை மெல்லக் கழற்றி, பக்கங்களை வரிசை மாறாமல் படமெடுத்து, அதே ஆர்க்கைவில் ஏற்றிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் பிள்ளை பென்சிலால் கிறுக்கியிருந்தால், தயவுசெய்து அழிக்காதீர்கள்.